கார் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாம்: மரை கெடாமல் செய்யும் முறை

பெட்ரோல் காரில் வீட்டு வாசலில் வைத்து நாமே செய்துகொள்ளக்கூடிய வேலைகள் நான்கைந்துதான் தேறும். வைப்பர் மாற்றுவது, ஏர் ஃபில்டர் மாற்றுவது, பேட்டரி முனையில் பூத்த வெள்ளையைத் துடைப்பது. இவற்றுக்கு அடுத்த படி, சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக். முன்னதில் கை தவறினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பிளக்கில் அப்படிச் சொல்ல முடியாது. பிளக் திருகி உட்காரும் இன்ஜின் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியம்; பிளக்கின் உடம்பு எஃகு. கோணலாக ஏற்றி முறுக்கினால் எஃகு ஜெயிக்கும், அலுமினிய மரை வழித்துக்கொண்டு போகும். சில நூறு ரூபாய் பிளக்குக்காக ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் நிலை அப்படித்தான் வருகிறது.

இதைப் படித்துவிட்டுப் பயந்து ஒதுங்க வேண்டாம். இந்த வேலைக்குத் தேவை பலமில்லை, விரல் நிதானம். அது இருந்தால் முதல் தடவை செய்பவருக்கே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நான் சொல்லப்போவது பெரும்பாலும் மாருதியின் கே சீரிஸ் இன்ஜினை மனதில் வைத்து. ஆல்டோ கே10, வேகன்ஆர், செலேரியோ, ஸ்விஃப்ட் என்று நம் தெருவில் நிற்கும் பாதி வண்டிகளில் அந்தக் குடும்பத்து இன்ஜின்தான் உட்கார்ந்திருக்கிறது. ஹூண்டாய், ஹோண்டா, டாடா பெட்ரோல் கார்களிலும் முறை இதேதான். டீசல் கார்க்காரர்களுக்கு இந்த வேலையே கிடையாது. டீசலுக்குப் பொறி வேண்டாம், காற்றை அழுத்தும்போது வரும் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அங்கே இருக்கும் குளோ பிளக் வேறு சாமான்.

எப்போது மாற்ற வேண்டும்

வண்டியோடு வந்த கையேட்டில் இதற்கான கிலோமீட்டர் போட்டிருக்கும். அதுதான் கடைசி வார்த்தை. பொதுவாகச் சொன்னால், சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். இரிடியம், பிளாட்டினம் வகை 1,00,000 கி.மீ. வரைகூடப் போகும்.

நாற்பதாயிரத்தில் அப்படி என்ன தேய்ந்துவிடும் என்று கேட்கலாம். நகருக்குள் சராசரி 30 கி.மீ. வேகம் என்றால், 40,000 கி.மீ. ஓடி முடிக்க 1,300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம் நிமிடத்துக்கு 750 பொறி. பெருக்கிப் பாருங்கள், ஒரு பிளக் கிட்டத்தட்ட ஆறு கோடி தடவை வெடித்திருக்கும். ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளி உலோகத்தைத் தின்றுவிட்டுத்தான் போகிறது. நடு முனைக்கும் வளைந்த முனைக்கும் உள்ள இடைவெளி அதனால் வருடா வருடம் அகலமாகிறது. அகலமான இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை இருபது முப்பதாயிரமாக ஏற்றிக் கொடுக்கும் இக்னிஷன் காயில் அந்தச் சுமையைத் தாங்கித் தாங்கி ஒருநாள் படுத்துவிடும். பிளக்கைவிடக் காயில் பல மடங்கு விலை. நேரத்தோடு மாற்றச் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

தேய்ந்த பிளக் சில அறிகுறிகளையும் காட்டும். காலையில் முதல் ஸ்டார்ட் இழுத்துக்கொண்டு எடுப்பது, சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரை வரும் நடுக்கம், மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இல்லாமல் திணறுவது, மைலேஜ் குறைவது. "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சாமானின் விலையைக் கேட்டால் தூக்கம் வராது.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் கம்பெனி சர்வீஸிலேயே மாற்றிக்கொள்வது நல்லது. ஏதாவது கோளாறு என்று போகும்போது "வெளியில் கை வைத்தீர்களா" என்ற பேச்சு வராமல் இருக்கும்.

எந்த பிளக், எத்தனை பிளக்

ஆல்டோ, வேகன்ஆர் 1.0 போன்றவை மூன்று சிலிண்டர், எனவே மூன்று பிளக். ஸ்விஃப்ட் 1.2 போன்ற பழைய நான்கு சிலிண்டர் வண்டிகளில் நான்கு. விதிவிலக்கும் உண்டு. 2003-இல் வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக். அந்த வண்டி வைத்திருப்பவர் கடையில் போய் நான்கு வாங்கிக்கொண்டு வந்தால் பாதி வேலையோடு நிற்பார். மாருதியின் டூயல்ஜெட் என்ற பெயரைப் பார்த்து அதிலும் இரண்டிரண்டு என்று நினைக்க வேண்டாம். அங்கே இரட்டையாக இருப்பது பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்.

பிளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகள் வெறும் பெயரல்ல, அளவு முழுவதும் அதில்தான். என்.ஜி.கே.யின் பிபிஆர்6இஎஸ்-11 என்ற ரகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து பி என்றால் 14 மி.மீ. மரை. அடுத்த பி, பீங்கான் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் குறிக்கும். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எஃப்.எம். ரேடியோவில் கரகரப்பு வரும், வண்டியின் கம்ப்யூட்டருக்கும் தொந்தரவு. 6 என்பது சூட்டு எண். இ என்றால் மரையின் நீளம் 19 மி.மீ. கடைசியில் வரும் 11, இடைவெளி 1.1 மி.மீ. என்கிறது.

இதில் கடைக்காரரோடு வாதாட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று மரை நீளம். நீளம் அதிகமான பிளக்கைப் போட்டால் பிஸ்டன் மேலே வரும்போது முட்டும். குறைவானதைப் போட்டால் மீதி மரையில் கார்பன் கட்டிக்கொள்ளும். இன்னொன்று சூட்டு எண். என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாக வெளியே கடத்துவது. பாஷில் அப்படியே தலைகீழ், எண் ஏறினால் சூடான பிளக். எனவே "இது ஆறு, அதுவும் ஆறு, ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பொருத்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சி.என்.ஜி. வண்டியானால் அதையும் கடையில் சொல்லுங்கள். வாயுவைப் பற்றவைக்கப் பொறிக்கு இன்னும் பலம் வேண்டும் என்பதால் பிளக் ரகமும் மாற்றும் காலமும் வேறாக இருக்கலாம்.

நிக்கலா, இரிடியமா? கடையில் காப்பர் பிளக் என்று கொடுப்பதும் நிக்கல் பிளக்தான். செம்பு உள்ளே நடுத்தண்டில் சூட்டைக் கடத்த இருக்கிறது, பொறி பாயும் முனை நிக்கல் கலவை. அந்த முனை 2.5 மி.மீ. பருமன். இரிடியத்தில் 0.6 மி.மீ., 0.4 மி.மீ. என்று ஊசி முனை. இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால்தான் அவ்வளவு மெல்லிய முனையும் நெடுநாள் தாங்குகிறது. ஆனால் கம்பெனியே நிக்கல் போட்டுக் கொடுத்த சின்ன வண்டியில் இரிடியம் போட்டதும் வண்டி பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்து மாற்றும் காலம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் பலன். வேலை சுலபமாக இருக்கும் இன்ஜினில் நிக்கலையே நேரத்துக்கு மாற்றிக்கொள்வது என் விருப்பம். கம்பெனி இரிடியம் போட்டிருந்தால் மட்டும் கீழே இறங்கக் கூடாது.

போலி பிளக் நடமாட்டம் நிறைய. சென்னை ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர் பார்ட்ஸ் தெருக்களில் வாங்கும்போது தெரிந்த கடையாகப் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். கையில் வாங்கியதும் மூன்று விஷயம் பாருங்கள். மரை பளபளவென்று ஒரே சீராக இருக்க வேண்டும். நடு முனைக்கு நேர் மேலே வளைந்த முனை நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது. வாஷர் மரையிலிருந்து தானாகக் கழன்று விழக் கூடாது. பெட்டி கசங்கி, பிளக் கீழே விழுந்த மாதிரி தெரிந்தாலும் வேண்டாம். உள்ளே பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

கையில் என்னென்ன வேண்டும்

முக்கியமானது பிளக் சாக்கெட். இன்றைய கார்களில் பெரும்பாலும் 16 மி.மீ.; பழைய வண்டிகளில் 21 மி.மீ. உள்ளே ரப்பர் வளையமோ காந்தமோ வைத்த சாக்கெட்டாக வாங்குங்கள், பிளக்கைக் கவ்விக்கொண்டு மேலே வர அதுதான் உதவும். பைக்கோடு வரும் தகரக் குழல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு காரில் இறங்க வேண்டாம். காரில் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கிறது, அங்கே அது கோணலாக இறங்கிப் பீங்கானை உடைக்கும்.

அதோடு சாக்கெட்டைத் திருப்பும் ராட்செட் கைப்பிடி, ஆறு அங்குல எக்ஸ்டென்ஷன் ராடு, காயில் போல்ட்டுக்கு 10 மி.மீ. சாக்கெட், முனை இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ், டார்ச். எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மிக நல்லது, தெரிந்தவரிடம் இரவல் வாங்கினாலும் சரி. கடைசியாக, அரை ரூபாய்ச் சாமான் மாதிரி தோன்றும் ஒன்று: ஒரு சாண் நீள ரப்பர் டியூப். பிளக்கின் மேல்முனையை இறுக்கிப் பிடிக்கும் அளவுக்கு பெட்ரோல் டியூப்பில் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மரையைக் காப்பாற்றப்போவது இதுதான்.

ஊதுவதற்கும் ஏதாவது வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மின் பம்பு, சைக்கிள் பம்பு, எது இருந்தாலும் ஆகும்.

கழற்றுவது

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் வேலை செய்வது உத்தமம். சூட்டில் அலுமினியமும் எஃகும் வெவ்வேறு அளவில் விரியும். அந்த நேரத்தில் பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வரும். சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். குழந்தைகள் ஸ்டார்ட் பட்டனை அமுக்கும் காலம் இது.

பானெட்டைத் திறந்தால் பிளக் கண்ணுக்குத் தெரியாது. பல கே சீரிஸ் வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டி இன்ஜின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். அதன் போல்ட்டுகளையும் கிளாம்பையும் தளர்த்தி, பக்கத்தில் செருகியிருக்கும் சின்ன ஹோஸ்களைக் கவனமாக உருவி, பெட்டியைத் தூக்கி வையுங்கள். அதற்கு முன் போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஹோஸ் எங்கே என்று பிறகு மண்டையை உடைக்க வேண்டாம். காற்று போகும் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போச்சு.

இப்போது வரிசையாகக் கறுப்பு நிறத்தில் தெரிவதுதான் காயில்கள், சிலிண்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் வயர் வந்து செருகும் ஒரு கப்ளர். அதன் பூட்டு நாக்கு வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து அப்பளம் மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். நாக்கை மெதுவாக அமுக்கி, கப்ளரின் உடம்பைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிறகு 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருப்பி மேலே உருவுங்கள். ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் "டப்" என்று ஒரு சத்தத்தோடு விடும்.

காயிலுக்குப் பதில் தடித்த வயர் போகும் பழைய வண்டியாக இருந்தால் விதி ஒன்றே ஒன்று: ஒரு வயரைக் கழற்றி, அந்த பிளக்கை மாற்றி, அதே வயரை மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். நான்கு சிலிண்டரில் வெடிக்கும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. வயர் மாறினால் வண்டி எடுக்காது, எடுத்தாலும் உதறும். காயில் வண்டியிலும் ஒவ்வொன்றாகவே போவதுதான் புதியவர்களுக்கு நல்லது.

காயிலை எடுத்ததும் சாக்கெட்டை உள்ளே விடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி, காய்ந்த இலைத் துணுக்கு, சில சமயம் எறும்பு கொண்டுபோன மண் எல்லாம் பிளக்கின் இடுப்பைச் சுற்றி வளையமாகப் படிந்திருக்கும். பிளக்கைக் கழற்றிய கணமே அது அப்படியே சிலிண்டருக்குள் விழும்; உள்ளே போன மணல் பிஸ்டன் ஓடும் சுவரைக் கீறும். எனவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, நன்றாக ஊதி எடுங்கள். இரண்டாம் தடவையும் ஊதுங்கள். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் அல்லது குழாய் சீல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். துணியைக் கம்பியில் சுற்றி ஒற்றி எடுத்துவிட்டு மேலே போகலாம். ஆனால் அந்தக் கேஸ்கெட்டையும் சீக்கிரம் மாற்றிவிடுங்கள், எண்ணெயில் ஊறினால் காயில் ரப்பர் கெடும்.

சாக்கெட்டை நேராக இறக்கி, பிளக்கின் தலையில் முழுக்க உட்கார்ந்ததை உறுதிசெய்துகொண்டு, இடப்பக்கம் திருப்புங்கள். ஒரு சின்ன அழுத்தத்தில் "கடக்" என்று விட வேண்டும், பிறகு விரலாலேயே சுற்றலாம். விடவில்லை என்றால் தம் கட்டி இழுக்காதீர்கள். டபிள்யூ.டி-40 மாதிரி துருநீக்கி கொஞ்சம் அடித்து ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாகக் கொண்டு வாருங்கள். அப்படியும் வராமல் கரகரவென்று உரசினால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் வெட்கமே வேண்டாம். அவர் கைக்குத் தெரிந்தது நம் கைக்குத் தெரியாது.

பழைய பிளக் சொல்லும் சேதி

கழற்றியதைக் குப்பையில் வீசாமல், எந்த சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் ஒரு பழைய பேப்பரில் அடுக்குங்கள். பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து 1, 2, 3. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதை இன்ஜினுக்குச் செய்ய இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது.

வெளிர் காப்பி நிறமோ சாம்பல் நிறமோ என்றால் இன்ஜின் நலம். காய்ந்த கரி மாதிரி கறுப்பு, விரலில் ஒட்டும் பொடி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தும் வண்டியாக இருக்கலாம். பால் வாங்கவும் பள்ளிக்கூடம் விடவும் மட்டுமே ஓடும் வண்டிகளில் இந்தக் கரி சகஜம். பிளக் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள அதன் முனை 450 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும், தெருமுனை வரை போய்த் திரும்பும் ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறுவதில்லை.

கறுப்போடு ஈரப் பிசுபிசுப்பும் பளபளப்பும் இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. புது பிளக் போட்டால் கொஞ்ச நாளைக்குத்தான் சரியாகும். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாகி, முனையில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் இன்ஜின் தாங்க முடியாத சூட்டில் ஓடியிருக்கிறது. பெட்ரோல் குறைவாகப் போவது, கூலன்ட் குறைபாடு, தப்பான சூட்டு எண், ஏதாவது ஒன்று. பீங்கான் மூக்கு உடைந்திருந்தால் இன்ஜினில் தட்டல், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது, இருந்திருக்கிறது, அதை மெக்கானிக்கிடம் காட்டாமல் விடாதீர்கள்.

பலரைப் பயமுறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிப்பக்க வெள்ளைப் பீங்கானில், உலோகத்தோடு சேரும் இடத்தில், பழுப்பாக ஒரு வளையம் இருக்கும். கேஸ் கசிந்த தடம் என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை. அதிக வோல்ட் பாயும் இடத்தைச் சுற்றி எண்ணெய்த் தூசி ஈர்க்கப்பட்டு ஒட்டிய கறை, கெடுதல் ஒன்றுமில்லை.

மூன்று பிளக்கும் ஒரே நிறமாக இருந்தால் நிம்மதி. இரண்டு ஒரு மாதிரி, ஒன்று மட்டும் வேறு மாதிரி என்றால் அந்த சிலிண்டரில்தான் கதை இருக்கிறது. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டர் காலத்தில் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்டுவோம். கார் பிளக்கில், அதிலும் இரிடியத்தில், அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். ஊசி முனை தேய்த்தாலே போய்விடும்.

மாட்டுவது

புது பிளக்கின் இடைவெளியை ஒருமுறை ஃபீலர் கேஜால் பாருங்கள். பெட்டியிலிருந்து வரும்போதே சரியாக இருக்கும், வழியில் அடிபட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. கேஜ் லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. நிக்கல் பிளக்கில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் வளைந்த முனையை மரத்தில் மெல்லத் தட்டிச் சரிசெய்யலாம். இரிடியத்தில் நடு முனையின் மேல் எதையும் அழுத்தாதீர்கள், அளவு தப்பியிருந்தால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மரையில் கிரீஸ், எண்ணெய், ஆன்டி சீஸ் பசை எதுவும் தடவ வேண்டாம். இன்றைய நல்ல பிளக்குகளில் மரையின் மேல் துருப்பிடிக்காத பூச்சு இருக்கிறது. வழுக்கும் பசை தடவினால் அதே கைபலத்துக்குப் பிளக் கூடுதலாக இறுகி மரையை இழுத்துவிடும்.

இனி ரப்பர் டியூப்பின் முறை. பிளக்கின் மேல்முனையை டியூப்பில் செருகி, குழிக்குள் மெதுவாக இறக்குங்கள். சாக்கெட்டிலிருந்து "தொப்" என்று கீழே போட்டால் முனை வளைந்து இடைவெளி அடைத்துவிடும். அடியில் தொட்டதும் முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெல்லச் சுற்றுங்கள். மரையின் நுனிகள் ஒன்றையொன்று தாண்டும்போது பிளக் ஒரு நூலளவு இறங்குவது விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி வலப்பக்கம் திருப்புங்கள். சரியாகப் பிடித்திருந்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல் சுற்றிக்கொண்டே போகும். கோணலாகப் பிடித்திருந்தால் பிளக் நின்றுவிடும், டியூப் மட்டும் வழுக்கிச் சுற்றும். டியூப் வைப்பதன் சூட்சுமமே அதுதான். ராட்செட்டுக்குக் கோணல் தெரியாது, அது பாட்டுக்கு மரையை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். டியூப் வழுக்கினால் பிளக்கை வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். பத்துத் தடவை எடுத்தாலும் பரவாயில்லை.

அடிவரை விரலாலேயே இறங்கி, வாஷர் உட்கார்ந்த பிறகுதான் சாக்கெட். 14 மி.மீ. மரை, அலுமினிய ஹெட் என்றால் என்.ஜி.கே. சொல்லும் அளவு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண், குறைவாகவே இருந்தாலும், அதைத்தான் வைக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் சுற்றைக் கணக்கு வைக்கலாம். வாஷர் வைத்த புது பிளக் என்றால் விரலால் இறுகிய பின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று. வாஷர் நசுங்கி இறுகுவது அந்தத் தூரத்தில்தான். ஏற்கெனவே மாட்டிக் கழற்றிய பிளக்கில் வாஷர் நசுங்கியே இருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும், அதாவது கடிகார முள் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்கு நகரும் தூரம். வாஷரே இல்லாத கூம்பு அடி பிளக்கானால் அதைவிடவும் குறைவு.

ராட்செட்டின் நுனியைப் பிடித்து இழுக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், தானாகவே பலம் குறையும். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே" என்று கொடுக்கும் கடைசி முறுக்கில்தான் மரை போகிறது. அதற்காகத் தளர்வாகவும் விடக் கூடாது. தளர்ந்த பிளக்கால் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாது, தானே வெந்துபோகும்.

காயிலைத் திரும்ப இறக்குவதற்கு முன் அதன் ரப்பர் வாயில் விரிசலோ வெள்ளைக் கோடோ இருக்கிறதா பாருங்கள். கோடு இருந்தால் மின்சாரம் பக்கவாட்டில் தப்பி ஓடிய தடம் அது. ரப்பரை மட்டும் தனியாகவும் சில வண்டிகளுக்குக் கிடைக்கும். நேராக அழுத்தி உட்காரவைத்து, 10 மி.மீ. போல்ட்டை அளவாக இறுக்கி, கப்ளரைச் செருகுங்கள். "கிளிக்" சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் லேசாக இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் பூட்டவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஹோஸ்களையும் போனில் எடுத்த படத்தைப் பார்த்து மாட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்த பிறகு

முதல் ஸ்டார்ட்டில் ஒரு விநாடி கூடுதலாக இழுத்தால் கவலை வேண்டாம். இன்ஜின் எடுத்ததும் பானெட்டைத் திறந்து வைத்தபடியே இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டுக் கேளுங்கள். "புஸ் புஸ்" என்று சீரான ஊதல் சத்தம் வந்தால் ஏதோ ஒரு பிளக் சரியாக இறுகவில்லை. நிறுத்தி, ஆறவிட்டுப் பாருங்கள். காற்று உறிஞ்சும் சத்தத்தோடு ஐடிலிங் ஏறி இறங்கினால் ஒரு ஹோஸ் மாட்டாமல் கிடக்கிறது.

வண்டி முன்னைவிட உதறினால் பத்துக்கு ஒன்பது தடவை ஏதோ ஒரு கப்ளர் பூட்டாமல் இருக்கும், அல்லது பழைய வண்டியில் இரண்டு வயர் இடம் மாறியிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் உதறல் போகவில்லை என்றால் காயிலைச் சந்தேகப்படலாம். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழையைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் பி0301, பி0302 என்று பிழை எண் காட்டும், கடைசி இலக்கம் சிலிண்டர் எண். பி0301 வந்தால், இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, ஒன்றாம் சிலிண்டர் காயிலையும் இரண்டாம் சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றி மாட்டி, எண்ணை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பிழை பி0302-ஆக மாறினால் கெட்டது அந்தக் காயில்தான், அதை மட்டும் வாங்கி மாற்றினால் போதும். ஒன்றாம் சிலிண்டரிலேயே நின்றால் இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டியிருக்கும். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. போகும்போது வரிசையாக அடுக்கி வைத்த அந்தப் பழைய பிளக்குகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.